சுருட்டை மறுமுறை வாங்கச் செய்வது எது?

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையும் இருப்புப் பாதையும் தாம்பரத்தைத் தாண்டியவுடன் பெருங்களத்தூரை வந்தடைகின்றன. 2021 ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இவ்வூரில் புகையிலைச் சாகுபடி கிடையாது. எனினும், திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், மதுரை மார்க்கங்களில் பிரயாணம் செய்வோர் நெடுங்காலமாக வண்டி ஏறியும் இறங்கியும் வரும் இடம் இது. இத்தகைய சாலையோர ஊர்க் கடையொன்றில் சுருட்டு வாங்க வருபவர் என்ன செய்கிறார் என்பதைச் சற்று நின்று கவனித்தால், சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் வேடசந்தூர்ப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் புகையிலை பயிரிடும் குடியானவருக்குப் பயன்படத்தக்க விஷயங்கள் பல தெரியவரும். அவர் பணம் கொடுக்கு முன் சுருட்டைக் கையிலெடுத்து உருட்டிப் பார்க்கிறார். விரல்களால் மெல்ல அழுத்துகிறார். மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். பழக்கமுள்ளவராயின் காதருகே வைத்தும் உருட்டுகிறார். இவ்வளவும் செய்து வாங்கியபின், முதற் சுருட்டு எரிந்து முடிவதற்குள், அடுத்த முறையும் அதையே கேட்பதா, வேறொன்றை நாடுவதா என்பது அவர் மனத்தில் தீர்மானமாகி விடுகிறது.

பயிரிடுவோர் இந்தத் தீர்மானத்தை நேரில் காண்பதில்லை. அவர்களிடம் வருபவர் தரகர் அல்லது வியாபாரி. அவர் சொல்லும் விலையே அவர்களுக்குத் தெரிந்த தீர்ப்பு. அண்டை நிலத்துக்காரரின் இலைக்கு அதிக விலையும் தம் இலைக்குக் குறைந்த விலையும் கிடைத்தால், தரகரின் ஓரவஞ்சனையே காரணம் என்று மனத்தாங்கல் கொள்வதும் உண்டு. சில சமயங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வித்தியாசம் இலையிலேயே இருக்கிறது. அவ்வித்தியாசம் கிணற்று நீரிலும், எருவிலும், பாடஞ் செய்த பக்குவத்திலும் உண்டானது. இதை முதலில் கண்டுபிடிப்பவர் புகைப்பவர். கடைசியில் அறிபவர் விளைவித்தவர்.

சுருட்டுத் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் இதைக் குறிக்க வழங்கிவரும் சொல்லே ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. உறையூரில் சுற்றப்பட்ட திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து பெயர் பெற்றிருந்தது. இரு முனையும் கூராக்கப்படாமல் வெட்டி விடப்பட்ட, காரம் மிகுந்த, கருமையான சுருட்டு அது. அந்நூற்றாண்டின் இறுதியில் திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியார் தொழிற்சாலை வைத்து, ஐரோப்பிய முறையில் சுருட்டுகள் தயாரித்துச் சென்னை மவுண்ட் ரோடு கடையிலும் வெளியூர்களிலும் விற்று வந்தனர். யாழ்ப்பாணத்துச் சுருட்டும் இவற்றுக்குச் சளைத்ததன்று. இலைகளின் வழியாகப் பார்த்தால், திண்டுக்கல் சீமையில் நெடுநாள் பயிரான ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்னும் ரகங்களும், கோதாவரி ஆற்றிடைத் தீவுகளில் விளையும் லங்கைப் புகையிலையும் சுருட்டுக்குப் பெயர் போனவை. இவ்வகைப் புகையிலையை ஆராய்வதற்கென்றே 1948 ஆம் ஆண்டில் வேடசந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் குணத்தைப் பற்றி ஒரு சான்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. ஆர்தர் கானன் டாயில் 1887 ஆம் ஆண்டில் வெளியிட்ட துப்பறியும் கதையில், ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் பாத்திரம் தரையில் சிந்திக் கிடந்த சாம்பலைக் கண்டு, கொலை செய்தவன் திருச்சிராப்பள்ளிச் சுருட்டுப் புகைத்தவன் என்று கூறிவிடுகிறது. கருநிறமாகவும் செதில் செதிலாகவும் இருந்ததே அதற்கு அடையாளம். கதாசிரியர் இதைத் துப்புத் துலக்கும் சாமர்த்தியத்திற்கு உதாரணமாக எழுதினார். புகையிலை விஷயம் அறிந்தவர் வாசித்தால், அக்காலத்து இலை முற்றிலும் எரியாமல் கரி தங்கிற்று என்பதற்கே அது சாட்சியாகத் தோன்றும்.

சாம்பலை வைத்து இலையைக் கணிப்பது இன்றும் சுருட்டுப் புகைப்போரிடையே உள்ள வழக்கம். வெண்மையாக அல்லது வெளிர் சாம்பல் நிறமாக, உதிராமல் ஒரு விரற்கடை நீளமேனும் நிற்கும் சாம்பலை அவர்கள் மெச்சுகிறார்கள். கருத்த சாம்பல், ஒருபுறம் மட்டும் எரிந்து மறுபுறம் நிற்கும் நெருப்பு, இழுக்க இழுக்க அணைந்து போகும் முனை ஆகியவை சுருட்டைக் கைவிடச் செய்பவை. ஒரு சுருட்டுக்கு நான்கு தடவை தீக்குச்சி கிழிக்க நேர்ந்தவர் அதன் மணம் எவ்வளவு உயர்வாயினும் அந்தப் பெயரை மறுமுறை கேட்கமாட்டார். புகைப்போரின் குறைகளில் இதுவே தலையாயது என்று சொல்லலாம். குடியானவர் கையால் பெரிதும் நீக்கக்கூடியதும் இதுவே.

இலை நன்றாய் எரிவதும் எரியாததும் அதிலுள்ள தாதுப் பொருள்களைப் பொறுத்தது. பொட்டாசியம் மிகுந்த இலை, தணல் அணையாமல் சீராக எரியும். குளோரின் மிகுந்த இலை எரியாது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துக் கிடக்கும். இலையில் குளோரின் 100 க்கு 2 பங்கைத் தாண்டினால் அது சுருட்டுக்கு ஏற்றதன்று. இந்தக் குளோரின் வருவது பெரும்பாலும் உவர்க் கிணற்றிலிருந்தும், மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்திலிருந்தும். பொட்டாசியம் நல்லதென்று கேட்டு, விலை மலிவென்று மியூரியேட்டை இட்ட குடியானவர், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தவர் ஆவார். சுருட்டுப் புகையிலைக்குச் சல்பேட் ஆப் பொட்டாஷே தக்கது. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டாலும், இலை தடித்துக் கருத்து, பழுக்கத் தாமதித்து, எரியும்போது தொண்டையில் கமறலை உண்டாக்கும். ஆட்டுக்கிடை மடக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டுவதில்லை. கிடையும் வைத்து, மேலுரமும் மிகுதியாக இடுவதே தீங்கு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மெல்லும் புகையிலைக்கு உவர்நீரே உகந்ததென்று திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய் அறிவார்கள்; அந்நீரில் விளைந்த இலைக்கு உறைப்பும் கனமும் அதிகம். அதே இலை சுருட்டுக்குள் சென்றால் அணைந்து அணைந்து புகைப்பவரைச் சோதிக்கும். ஆகையால் ‘நல்ல புகையிலை’ என்று பொதுவாய் ஒன்றுமில்லை. எதற்கு நல்லது என்று கேட்க வேண்டும். கிணறு வெட்டிய நாளிலேயே அந்நிலத்தின் இலை எந்தச் சந்தைக்குப் போகவேண்டும் என்பது பாதி தீர்மானமாகி விடுகிறது. மண் ஆய்வு நிலையங்களில் பாசன நீரையும் ஆய்ந்து சொல்லுகிறார்கள். நாற்று விடுமுன் ஒரு புட்டி நீரை அனுப்பிவைத்தல் நலம்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றும் இருக்கிறது. பாடமான இலையின் நடுநரம்பை நீக்கி, ஒரு துண்டைக் கையில் பிடித்து, ஊதுவத்தியின் தணலை அதன் நடுவில் சுடர் எழாதபடி தொட்டு எடுக்க வேண்டும். பற்றிய தணல் எத்தனை விநாடி தானே ஊர்ந்து செல்கிறது என்று எண்ண வேண்டும். நல்ல இலையில் தணல் வட்டமாக விரிந்து நெடுநேரம் நின்று வெளுத்த சாம்பலை விட்டுச் செல்லும். இரண்டு மூன்று விநாடியில் அணைந்து கரிய விளிம்பு காட்டினால் அவ்விலையைச் சுருட்டுக்காரரிடம் சுருட்டிலை என்று விலை பேசுவது வீண். அடியிலை, நடுவிலை, நுனியிலை ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்; ஒரே செடியிலும் இவை ஒன்றுபோல் எரிவதில்லை. ஆராய்ச்சிக்கூடங்களிலும் இலையின் எரிதிறனை இதே கொள்கைப்படியே விநாடிக் கணக்கில் அளக்கிறார்கள்.

எரிதிறனுக்கு அடுத்தபடியாகப் புகைப்போர் கவனிப்பது நெடி. பற்றவைக்காத சுருட்டை முகரும்போது, தொழுவத்துக் கோமியம் போன்ற காரநெடி மூக்கில் ஏறினால், இலை போதிய காலம் பாடஞ் செய்யப்படவில்லை என்று அறியலாம். அறுத்து உலர்த்திய இலையை அம்பாரமாக அடுக்கி மூடிவைக்கும்போது உள்ளே சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் இலையிலுள்ள புரதம் முதலியவை சிதைந்து அம்மோனியாவாகி வெளியேறுகின்றன. நிகோடினும் ஓரளவு குறைகிறது. பச்சை வாடை போய்ச் சுருட்டுக்குரிய மணம் உண்டாகிறது. சூடு 50 பாகை செல்சியஸ் அளவை எட்டும்போது அம்பாரத்தைப் பிரித்து, மேலிருந்ததை உள்ளும் உள்ளிருந்ததை மேலுமாக மாற்றி அடுக்க வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தபின் சூடு தானாகவே எழாமல் நின்றுவிடும். அதுவே பாடம் முடிந்ததற்கு அடையாளம். கடன் நெருக்கடியாலோ, விலை இறங்கிவிடும் என்னும் அச்சத்தாலோ, இரண்டு மாற்றுக்கள் முன்னதாகவே அம்பாரத்தைக் கலைத்து விற்பவர் உண்டு. அவர் பெற்ற விலை அப்போதைக்குச் சரியாகவே இருக்கலாம். அந்த இலையாற் செய்த சுருட்டை முதல் நாள் வாங்கியவர் பாதியில் எறிந்தபின், அடுத்த ஆண்டு வியாபாரி அதே ஊருக்கு வரும்போது குரல் மாறியிருக்கும்.

பாடஞ் செய்யும் விதம் ஊருக்கு ஊர் வேறுபடும். யாழ்ப்பாணத்தார் தேங்காய் மட்டைப் புகை காட்டியும், கோடா என்னும் பாகு தெளித்தும் பதப்படுத்துவர். அந்தச் சுவைக்குப் பழகிய நாக்குக்குத் திண்டுக்கல் சுருட்டு சப்பென்றிருக்கும். திண்டுக்கல்லுக்குப் பழகியவர் யாழ்ப்பாணத்ததை இனிப்பென்று ஒதுக்குவார். இவ்விருவரிடையே வழக்குத் தீர்க்க யாராலும் ஆகாது. காரத்தைப் பற்றியும் அப்படியே. வரப்பில் நின்று உழைப்பவர் கேட்கும் காரம் வேறு, உணவுக்குப்பின் சாய்வு நாற்காலியில் இருந்து புகைப்பவர் கேட்பது வேறு.

மேல்நாட்டிலே இத்தகைய ருசிபேதங்களை மதிப்பெண்ணால் அளக்க முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சிகார் அபிசியோனாடோ’ என்னும் பத்திரிகை, சுருட்டுக்களைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையை அகற்றி, எந்தக் கம்பெனியுடையது, என்ன விலை என்பன தெரியாதபடி பரீட்சகர்களிடம் கொடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடச் செய்கிறது. தோற்றமும் சுற்றிய திறமும், சுவை, எரியும் இழுபடும் தன்மை, மொத்தத்தில் மனத்தில் பட்டது ஆகிய நான்கும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. 90 முதல் 94 வரை பெற்றால் மிகச் சிறந்தது. 95க்கு மேல் பெறுவது அபூர்வம். பட்டையை நீக்குவதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. கியூபா நாட்டுச் சுருட்டு என்று தெரிந்தவுடன் நாக்கு தானாகவே அதை உயர்வாகச் சொல்லத் துணிகிறது. விலை அதிகமென்று அறிந்தவுடன் குறை காணக் கூசுகிறது. புகையிலை மட்டுமல்ல, அரிசியிலும் மாம்பழத்திலும் மனிதர் நடந்துகொள்வது இவ்வாறே.

ஆயினும் இத்தகைய மதிப்பெண் ஒருவரை முதல் முறை வாங்கச் செய்யுமேயன்றி, இரண்டாம் முறை வாங்கச் செய்வதில்லை. அனுபவமுள்ள புகைப்போர் ஒரு சுருட்டைக் கொண்டு ஒரு பெயரைத் தீர்ப்பதும் இல்லை. ஒரே பெட்டியிலிருந்து மூன்று நான்கு சுருட்டுக்களை வெவ்வேறு நாட்களில் புகைத்து, பட்டையை ஒரு குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, தேதியும் குணமும் எழுதி வைப்போர் பல நாடுகளில் உண்டு. முதலாவது அருமையாயிருந்து, இரண்டாவது இழுபடாமல் முண்டி, மூன்றாவது கசந்தால், அவர் எழுதும் முடிவு ‘இனி வாங்குவதற்கில்லை’ என்பதே. மூன்றும் நடுத்தரமாயினும் ஒன்றுபோல் இருந்தால் அதே பெட்டியை மீண்டும் வாங்குவார். பெருங்களத்தூர்க் கடையில் ஒரே சுருட்டை ஆண்டுக்கணக்காய்ப் பெயர் சொல்லிக் கேட்பவர் எழுதி வைப்பதில்லை என்பதைத் தவிர, இவ்விருவருக்கும் பேதமில்லை. நேற்றைய சுருட்டுப் போலவே இன்றையதும் இருக்கிறது என்பதற்காகவே இருவரும் பணம் கொடுக்கிறார்கள்.

இந்த ஒருமைப்பாடு சுற்றுபவர் கையில் மட்டும் உண்டாவதில்லை. கை தேர்ந்த சுற்றுக்காரர் மேலிலை சுருக்கமின்றி, உள்ளே முடிச்சு விழாமல், இழுப்புக்குக் காற்றோட்டம் இருக்கும்படி சுற்றிவிடுவார். ஆனால் அவரிடம் வரும் கட்டில் அடியிலையும் நுனியிலையும், ஆற்றுநீர் இலையும் உவர்நீர் இலையும் கலந்திருந்தால் அவர் என் செய்வார்? மேல்சுற்றுக்கு வேண்டிய மெல்லிய, நரம்பு ஒடுங்கிய இலை இந்நாட்டில் எளிதிற் கிடைக்காமையால், திண்டுக்கல் தொழிற்சாலையார் முற்காலத்தில் சுமத்திரா, சாவகத் தீவுகளிலிருந்து அதைத் தருவித்தனர். வாங்குபவர் கண் முதலில் மேலிலைமீதே விழுகிறது. அதில் புள்ளியோ ஓட்டையோ இருந்தால் உள்ளே இருப்பது எவ்வளவு உயர்ந்ததாயினும் கையிலெடுத்ததைத் திரும்ப வைத்துவிடுவார். உள்ளிலையையேனும் ஒரே தரமாகப் பிரித்துக் கட்டுவது பயிரிடுவோர் வீட்டிலேயே நடக்க வேண்டிய காரியம். கட்டின் வெளிப்புறம் பொன்னிறமும் உட்புறம் கழிவும் வைப்பது பழைய தந்திரம். அதை அறியாத வியாபாரி இல்லை. அந்தச் சந்தேகத்துக்கென்று அவர் விலையில் முன்கூட்டியே ஒரு பகுதியைக் குறைத்துக் கொள்ளுகிறார்; நேர்மையாகக் கட்டியவரும் அந்த நஷ்டத்தில் பங்கு கொள்ளுகிறார்.

இலையின் உபயோகத்தைப் பிரித்தறிவது ஒரு காலத்தில் சர்க்காரின் வேலையாகவும் இருந்தது. 1943 ஆம் ஆண்டில் புகையிலைக்கு மத்திய தீர்வை விதிக்கப்பட்டபோது, சுருட்டுக்கு ஆவது, பீடிக்கு ஆவது, மெல்லுவதற்கு ஆவது என்று உபயோகத்தைக் கொண்டு விகிதம் வேறுபட்டது. பயிரிட்டவரும் பாடஞ் செய்தவரும் இலையின் கணக்கைக் காட்ட நேர்ந்தது. இன்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் ‘புகையிலை’ என்று மட்டும் எழுதுவதோடு நிற்காமல், எவ்வகை என்றும் பாசன ஆதாரம் எது என்றும் கேட்டறிந்து வைத்தால், அவ்வூர்க் குடிகளுக்கு ஆலோசனை சொல்ல வருவோர்க்கு மிகவும் உதவியாகும்.

சுருட்டு கடைக்குச் சென்றபின் கெடுவதும் உண்டு. சென்னையிலும் அதன் தென்புறத்து ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரம் சுமந்து நிற்கும். திறந்த பெட்டியில் உள்ள சுருட்டு நெகிழ்ந்து பூசணம் பூக்கும். கோடையில் திண்டுக்கல் காற்றில் அதே சுருட்டு உலர்ந்து, காதருகே உருட்டினால் நொறுங்கும் ஒலி கேட்கும். காற்றின் ஈரப்பதம் 100 க்கு 65 முதல் 70 வரை இருக்குமாறு காப்பதே பொதுவாக ஏற்கப்பட்ட முறை. புகையிலை வண்டு என்னும் சிறு பழுப்புப் பூச்சி வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் பெருகி, சுருட்டில் ஊசி முனையளவு துளைகள் இட்டுவிடும். துளைபட்ட சுருட்டில் இழுப்புக் காற்று பக்கவாட்டில் புகுந்து புகையைக் கெடுக்கும். இதன் முட்டை பெரும்பாலும் சேமிப்பறையிலேயே இலையில் ஏறுகிறது. சென்ற ஆண்டுத் தூளும் காம்பும் மூலையில் கிடக்கும் அறையில் புதிய அம்பாரம் போடுவது வண்டை வரவேற்பதாகும்.

இவ்வளவும் கூறும்போது, இப்பொருளின் தீங்கை மறைத்துப் பேசுவது முறையன்று. சுருட்டுப் புகையை உள்ளிழுப்பதில்லையாதலால் கேடில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பாடஞ் செய்த இலையின் புகை காரத்தன்மை உடையதாகையால், நிகோடின் வாயின் தோல் வழியாகவே உடலிற் சேர்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாவதற்குச் சுருட்டும் காரணமென்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் சில பெண்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கத்தால் மேலண்ணத்தில் புற்று காண்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குறித்து வந்திருக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் குற்றம். 2008 ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் தடுக்கப்பட்டுள்ளது. காட்டில் வேலை செய்வோருக்கும் அபாயம் உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த இலையை வெறுங்கையால் ஒடிப்பவர்களுக்கு நிகோடின் தோல்வழி ஏறித் தலைச்சுற்றலும் வாந்தியும் வரும். பனி உலர்ந்தபின் வேலை தொடங்குவதும், கையுறை தருவதும், சிறுவரை இவ்வேலையில் விடாதிருப்பதும் நிலத்துக்குடையவர் கடமை.

சுருட்டுப் புகைப்போர் தொகை முன்போல் இல்லை. உறையூரில் ஒரு காலத்தில் தெருத்தெருவாய் நடந்த தொழில் இன்று சுருங்கிவிட்டது. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் முருங்கைக்கும் காய்கறிகளுக்கும் மாறிய குடியானவர்கள் பலர். உவர் மிகுந்த கிணறு உடையவரும், பாடஞ் செய்ய இடமும் ஆளும் இல்லாதவரும் அவ்வழியை யோசிப்பதே உசிதம். சந்தை குறுகும்போது முதலில் விலையிழப்பது நடுத்தர இலையும் கலப்பு இலையுமே. தொடர்ந்து பயிரிட எண்ணுவோர், நாற்றங்காலுக்கு முன் கிணற்று நீரையும், உரத்துக்கு முன் மூட்டைமேல் எழுதியிருப்பதையும், விற்பனைக்கு முன் ஊதுவத்தித் தணலையும் பார்த்துக் கொள்ளலாம். அறுவடைக்குப் பின் வியாபாரி வந்து திண்ணையில் அமர்ந்து, கட்டின் வெளிப்புறத்தை ஏறெடுத்தும் பாராமல், நடுவில் கைவிட்டு ஓர் இலையை உருவி, நரம்பைக் கிழித்தெறிந்து, தம் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுக்கும்போது, அந்த இலை எத்தனை விநாடி எரியும் என்பது வீட்டுக்காரருக்கு முன்னமே தெரிந்திருக்கும்.